கோயமுத்தூரம்மா

கோயமுத்தூர்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சாந்தாமணி நங்கையாவுக்கு வர்ஷினி எழுதிக்கொள்வது. நீங்களும் தம்பிதுரை அண்ணனும் சுகமாக இருப்பீர்கள். நான் இருக்கிறேன்.

கதிர் எப்படி இருக்கிறான் என்று தாளில் எழுதிக் கேட்கும் நாள் வரும் என்று நான் நினைக்கவில்லை. போனில் என் முகத்தைப் பார்த்தால் அவன் தேடுகிறான், ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுகிறான், கொஞ்ச காலம் போன் வேண்டாம், கடுதாசி எழுதி ராமுலு வண்டியில் கொடுத்தனுப்பு என்று நீங்கள் சொன்னதும் சரி என்றுவிட்டேன். காகிதம் வாங்கப் போனால் கடைக்காரர், "லீவு லெட்டருங்களா அம்மணி" என்கிறார். ராமுலு அண்ணன் உங்கள் பண்ணைக் கோழிகளை இறக்குகிற கறிக்கடை என் விடுதிக்குப் பின்தெருவில்தான். நல்லதாகப் போயிற்று. கடுதாசியில் கோழி வாடை அடித்தால் எனக்கு ஒன்றுமில்லை. அவன் இருக்கிற இடத்து வாடைதானே.

நீங்கள் இல்லாவிட்டால் நான் இந்த ஆராய்ச்சியை அப்படியே விட்டிருப்பேன். எனக்கும் அம்மா இல்லை, உங்களுக்கும் மனோஜுக்கும் அம்மா இல்லை. உங்கள் தம்பி குஜராத்தில் ஊர் ஊராகச் சோலார் பேனல் மாட்டிக்கொண்டிருக்கிறார். விடுதியில் குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது. "நாங்க எதுக்கு இருக்கறோம், கொண்டாந்து உட்டுட்டுப் போ அம்மணி" என்று நீங்கள் சொன்ன அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. வருகிற ஏப்ரலுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவே ரத்தாகிவிடும். அதற்குள் இன்னொரு கட்டுரையும் ஏற்கப்பட்டாக வேண்டும். முடிந்ததும் ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொள்வேன்.

பால் இன்னும் கட்டிக்கொண்டு வலிக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி பால் வற்ற மல்லிகைப்பூவை வைத்துக் கட்டியிருக்கிறேன். லேப்பில் என் ஜூனியர் லோகப்பிரியா, "என்னக்கா, வாசமா இருக்கீங்க, கல்யாணத்துக்குப் போறீங்களா" என்றாள். ஆமாம் என்றேன்.

அவனுக்கு ரசஞ்சோறு பிசையும்போது மிளகை எடுத்துவிடுங்கள். குளிப்பாட்டி முடித்ததும் காதைத் துடைக்க மறக்காதீர்கள். பதினாலு மாசத்தில் இத்தனை சளி பிடித்த பிள்ளை வேறு எங்கும் இருக்காது.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் "ம்மா" என்ற மாதிரி ஏதோ சொன்னான். இருமலாகக்கூட இருக்கலாம். முழுசாகச் சொன்னானென்றால் எழுதுங்கள். என்னைத் தேடுகிறானா என்றும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
வர்ஷினி


பல்லடம்
10 ஆகஸ்ட் 2024

அம்மணி வர்ஷினிக்கு, இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நான் பன்னிரண்டாவதோடு பேனாவை வைத்தவள். தப்பிருந்தால் உன் மாணவிகளுக்குத் திருத்துகிற மாதிரி சிவப்பு மை போட்டு அனுப்பிவிடாதே.

கதிர் நன்றாக நடக்கிறான். பண்ணைக்குள் விடக்கூடாது என்று வாசலில் பலகை அடைத்தோம். பலகைக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு கோழிகளோடு பேசுகிறான். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு இருந்தது, ராகிக் கஞ்சியில் நின்றுவிட்டது. உங்கள் அண்ணன் சட்டைப்பையில் இருக்கிற பேனாவெல்லாம் அவன் வாய்க்குள்தான்.

உன் வேலை என்ன என்று அவரிடம் சொன்னேன். கண்ணாடிக்குச் சாயம் ஏற்றுவது என்று. "அதுக்குப் பட்டணத்துல டாக்டர் பட்டமா. திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறையில உட்டா அரை நாள்ல ஏத்திக் கைல குடுத்துப்போடுவானுங்களே" என்கிறார். கோபித்துக்கொள்ளாதே, அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

மிளகை எடுத்துவிட்டுத்தான் பிசைகிறேன். காதும் துடைக்கிறேன். நீ கேட்டதற்கெல்லாம் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

சாந்தாமணி


கோயமுத்தூர்
17 செப்டம்பர் 2024

அன்புள்ள நங்கையாவுக்கு வணக்கம். அண்ணன் முதுகுவலி தேவலையா. நான் உலை சூடாகும் வரை காத்திருக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனது கனவு மாதிரி இருக்கிறது. வந்ததும் அவன் உங்கள் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். நீங்கள், "வெக்கம், வேறொண்ணுமில்ல" என்றீர்கள். மத்தியானம் வரை எட்டி எட்டிப் பார்த்தான். நாலு மணிக்கு மேல் தானாக வந்து என் விரலைப் பிடித்தான். அப்போது எனக்குக் கடைசி பஸ் போனால் என்ன, இதுவே கடைசி நாளாக இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. கிளம்பும்போது அவன் அழுத சத்தம் பஸ் ஏறிய பிறகும் காதில் இருந்தது. பக்கத்து சீட் அம்மா, "என்ன கண்ணு, தலைவலியா" என்று தைலம் கொடுத்தார். தேய்த்துக்கொண்டேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள், இது பட்டறைச் சாயம் இல்லை. கண்ணாடித் துண்டில் வெள்ளையாக ஒரு பசையைப் பூசி உலையில் சுடுவோம். வெந்ததும் அது கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த, பாலாடை மாதிரி ஒரு ஏடாகிவிடும். அதைச் சாயத்தில் ஊறவைப்போம். வெயிலைப் பிடிப்பது சாயம், பிடித்ததை மின்சாரமாகக் கடத்துவது அந்த ஏடு. எவ்வளவு சாயம் உள்ளே போய்ச் சுவரைப் பற்றுகிறதோ அவ்வளவு மின்சாரம். என் துண்டுகள் கருஞ்சிவப்பாக வர வேண்டும். ரோஸ் பவுடர் அப்பின மாதிரி வருகின்றன. அதிக நேரம் ஊறவைத்தேன், சாயத்தைச் சூடாக்கினேன், ஏட்டை அமிலத்தில் கழுவினேன். ஒன்றும் நடக்கவில்லை. என் வழிகாட்டி சுந்தரராஜுலு சார் நேற்று துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கை இங்க இருக்குது, நீ எங்க இருக்கறே" என்றார்.

உலை அறையில் வெக்கை தாங்காது. மேற்கு ஜன்னலைத் திறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சிலுசிலுவென்று வரும். இந்த லேப்பில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். தேடுகிறானா என்று. பார்த்துவிட்டு வந்த பிறகும் கேட்கிறேன் பாருங்கள்.

அவனுக்கு என் முத்தம்.
வர்ஷினி


பல்லடம்
28 செப்டம்பர் 2024

அம்மணிக்கு, இங்கே சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள், அன்றைக்குப் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

நீ போன மறுநாள் கதிருக்குக் காய்ச்சல். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். நீ போன ஏக்கம்தான் என்று எனக்குத் தெரியும். உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. சின்ன உசிரு. ஒரு நாள் ஒட்டவைத்து மறுநாள் பிய்த்தால் அது என்னத்தைத் தாங்கும். தீபாவளி வரைக்கும் நீ வராமல் இருந்து பார். உன் வேலையும் ஓடும்.

புதுப்புது வார்த்தை பேசுகிறான். கோழிக்குக் "க்கோ". தண்ணிக்குத் "த்தா". ராமுலுவைப் பார்த்தால் "லூலூ" என்று கத்திக்கொண்டு ஓடுகிறான். அவரும் வண்டியை நிறுத்திவிட்டு, "வாங்க மொதலாளி, லோடு எண்ணலாமுங்களா" என்று தூக்கிக்கொள்கிறார். உங்கள் அண்ணனை "மாமா" என்று அழுத்தமாகக் கூப்பிடுகிறான். நேற்று மின்விசிறியைப் பார்த்து என்னவோ சொன்னான், எங்களுக்கு விளங்கவில்லை.

மேல்பல் நாலும் வந்துவிட்டது.

சாந்தாமணி


பல்லடம்
26 நவம்பர் 2024

அம்மணி வர்ஷினிக்கு, சுகம். மழையில் நனையாதே.

தீபாவளிக்கு நீ வராதது அவனுக்குத் தெரியாது, எங்களுக்குத்தான் தெரிந்தது. அந்த வாரம்தான் வேறு காலேஜில் உன் சோதனைக்கு மெஷின் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய். வேலை என்றால் வேலைதான். நீ அனுப்பிய சட்டை கை நீளம். மடித்துவிட்டுப் போட்டேன்.

அவன் தலையில் சின்னச் சின்னக் கட்டியாக வந்திருக்கிறது. பண்ணைத் தூசி. முடி இருந்தால் ஆறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் முடியைக் கண்ட இடத்தில் எடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை நம் குலதெய்வக் கோயிலில் எடுத்துவிடலாம் என்று உங்கள் அண்ணன் சொல்கிறார். காது குத்துவதை விசேஷமாக நீயும் தம்பியும் உன் பக்கத்துத் தாய்மாமன்மாரும் இருக்கிறபோது வைத்துக்கொள்ளலாம். இது முடி மட்டும்தான். தம்பிக்கு லீவு இல்லையாம். நீ காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்துவிடு.

சாந்தாமணி


கோயமுத்தூர்
6 டிசம்பர் 2024

அன்புள்ள நங்கையாவுக்கு, நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம்.

ராமுலு அண்ணன் மகள் சீமந்தத்துக்கு லீவில் போயிருந்தாராம். மாற்று டிரைவர் உங்கள் கடிதத்தை வண்டிப் பெட்டியிலேயே போட்டுவைத்திருந்திருக்கிறார். ராமுலு அண்ணன் நேற்று வந்து அதையும், நீங்கள் அப்புறம் கொடுத்தனுப்பிய போட்டோவையும் சேர்த்துக் கொடுத்தார். அழைப்பும் முடிந்துபோன விசேஷமும் ஒன்றாகக் கைக்கு வந்தன. கறிக்கடைத் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ஒரு போன் செய்திருக்கலாம். இதைக் கோபமாக எழுதவில்லை.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அழகாக இருக்கிறான். தலை என் அப்பா தலை மாதிரி நீளம், முடி இருந்தபோது தெரியவில்லை. நீங்கள் கல்யாணப் பட்டு உடுத்தியிருக்கிறீர்கள். அண்ணன் துண்டை இடுப்பில் கட்டியிருக்கிறார். அவன் உங்கள் மடியில். முடி எடுக்கும் முன்னே பூசாரி, பெத்தவங்க முன்னால வாங்க என்று கூப்பிடுவாரே. எங்கள் வீட்டு விசேஷங்களில் கேட்டிருக்கிறேன். அன்று கூப்பிட்டாரா.

மனோஜ் பேசினார். வாரத்துக்கு இரண்டு தடவை உங்கள் போனில் கதிரோடு வீடியோவில் பேசுகிறாராம். போனைப் பிடுங்கி முத்தம் கொடுப்பானாம். ஒரு நாளும் அழுததில்லையாம். "எனக்கு நல்லாப் பழகிட்டான், உனக்குத் தெரியாதா" என்று கேட்டார். தெரியும் என்று சொன்னேன்.

இங்கே மழை பிடித்ததிலிருந்து சாயம் இன்னும் வெளுப்பு. ஒரு துண்டில் எவ்வளவு சாயம் ஏறியிருக்கிறது என்று எப்படி அறிகிறோம் தெரியுமா. மேலே பார்த்துச் சொல்ல முடியாது. காரக் கரைசலில் போட்டுச் சாயம் மொத்தத்தையும் கழற்றி எடுத்து, அந்தத் தண்ணீரைத்தான் அளக்கிறோம். அளந்த துண்டு பிறகு வேலைக்கு ஆகாது. இந்த வாரம் மட்டும் ஒரு தட்டு நிறையக் கழற்றிப் போட்டோம். லோகப்பிரியா, "பாவம்க்கா, நல்லாத்தான ஒட்டிட்டிருந்துச்சு" என்றாள்.

பதில் எழுதுங்கள்.
வர்ஷினி


கோயமுத்தூர்
19 ஜனவரி 2025

அன்புள்ள நங்கையாவுக்கு, பொங்கல் நன்றாக நடந்திருக்கும். அண்ணனும் கதிரும் சுகந்தானே.

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ராமுலு அண்ணனைக் கேட்டால், "அல்லாரும் நல்லா இருக்கறாங்க அம்மணி" என்று கோழிக்கூடைகளைப் பார்த்துச் சொல்கிறார். போன கடிதத்தில் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா என்று மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். நான் பக்குவமாக எழுதுகிறவள் இல்லை.

போனை எடுத்து உங்கள் பெயர் வரை போனேன். பிறகு வைத்துவிட்டேன். பொங்கலுக்குப் பஸ் நிலையம் வரை வந்தேன், ஏறவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். மனோஜைப் பார்த்துச் சிரிக்கிறவன் என்னைப் பார்த்து அழுதுவிட்டால்? இப்போது அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாமல் இருப்பதில்தான் நான் எழுந்து வேலைக்குப் போகிறேன்.

சாயம் ஏறிவிட்டது, நங்கையா. மார்கழியில் காற்று வறண்டதும், நான் எதையும் மாற்றாமலே துண்டுகள் கொஞ்சம் சிவந்தன. அதில்தான் பிடிபட்டது. உலையிலிருந்து எடுத்ததை மேற்கு ஜன்னல் ஓரம் வைத்து ஆறவிடுவது எங்கள் லேப் வழக்கம். ஊரெல்லாம் பெருமை பேசுகிற காற்று. கோயமுத்தூரில் பிறந்த யாருக்கும் அதைச் சந்தேகிக்கத் தோன்றாது. ஆடியில் கணவாய்க் காற்று, ஐப்பசியில் மழைக்காற்று, இரண்டிலும் ஈரம். ஏடு ஆறுவதற்குள் துளைகளுக்குள் தண்ணீர் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் எத்தனை நேரம் ஊறினாலும் சாயத்துக்கு நிற்க இடமில்லை. கை பொறுக்காத சூட்டிலேயே சாயத்துக்குள் இறக்கிவிட வேண்டும், ஆறவிடவே கூடாது. அப்படிச் செய்ததும் மறுநாள் துண்டு நாவல்பழம் மாதிரி வெளியே வந்தது. சுந்தரராஜுலு சார் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஜன்னலைப் போய்ச் சாத்தினார்.

எல்லாரும் கைகுலுக்கினார்கள். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில் என்று லோகப்பிரியா நினைத்துக்கொண்டாள்.

ஒரு வரி எழுதுங்கள் போதும்.
வர்ஷினி


பல்லடம்
9 பிப்ரவரி 2025

அம்மணி வர்ஷினிக்கு, நாங்கள் சுகம். உன் வேலை பலித்தது கேட்டு உங்கள் அண்ணன், "அப்ப பட்டறைக்காரன் தோத்தான்" என்று சொன்னார்.

எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை. பண்ணையில் புதுக்குஞ்சு இறக்கினோம், அந்த வேலையும் இருந்தது.

பொங்கலுக்குக் கதிருக்குப் பட்டு வேட்டி கட்டினோம். அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டான். முடி வளர்ந்துவிட்டது, கட்டியெல்லாம் ஆறிவிட்டது.

உன் கல்யாண போட்டோவை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் தூக்கிக் காட்டுகிறேன். யாரு என்றால் "கோயமுத்தூரம்மா" என்கிறான். இந்த வயதில் அத்தனை நீள வார்த்தையை வேறு எந்தப் பிள்ளையும் இவ்வளவு சுத்தமாகச் சொல்லாது. போட்டோவைத் தொட்டுக் கும்பிடவும் செய்கிறான். சொல்லிக்கொடுத்தது நான்தான். உன்னை மறக்கக்கூடாது என்றுதான் சொல்லிக்கொடுத்தேன்.

நீ கேட்ட மற்றதற்கு நேரில் பேசலாம்.

சாந்தாமணி


கோயமுத்தூர்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள நங்கையாவுக்கு வணக்கம். வெயில் கடுமையாக இருக்கிறது, பண்ணைக்குத் தண்ணீர் தெளிக்கிறேன் என்று அண்ணனைப் பகலில் கூரை மேல் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கட்டுரை ஏற்கப்பட்டது. ஆய்வேட்டையும் கொடுத்துவிட்டேன். மதுக்கரையில் ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது. கல்லூரிக்கு எதிரிலேயே வீடு பிடித்திருக்கிறேன், கீழ்வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். மே நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கதிரைக் கூட்டிப் போக வருகிறேன்.

அவன் என்னை அப்படிக் கூப்பிடுவதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் இந்த இரண்டு மாதமாகத் தாளை எடுத்து எடுத்து வைத்தேன். பொய் எழுத வரவில்லை. ஊர்ப்பெயரைச் சேர்த்துக் கூப்பிட வேண்டுமென்றால், ஊர்ப்பெயர் தேவைப்படாத ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும். உங்களை அவன் என்னவென்று கூப்பிடுகிறான் என்று நீங்கள் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

பதினாலு வருஷமாக நீங்கள் எந்தெந்தக் கோயிலுக்கு நடந்தீர்கள், எந்தெந்த ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் உங்கள் மடியில் கொண்டுவந்து விட்டேன். அவனைப் பசியில்லாமல், நோயில்லாமல் வைத்திருந்தீர்கள். என்னால் அது முடிந்திருக்காது. ஆனாலும் அவன் துணிமணிகளை எடுத்து வையுங்கள் நங்கையா. நான் வருகிறேன்.

வர்ஷினி


மதுக்கரை
25 மே 2025

அன்புள்ள நங்கையாவுக்கு, நீங்கள் சாப்பிடுகிறீர்களா. அண்ணன் போனில், "அவ நல்லாத்தான் இருக்கறா" என்று ஒரு மாதிரியாகச் சொன்னார்.

அன்று நாங்கள் கிளம்பும்போது நீங்கள் வாசலுக்கு வரவில்லை. கோழிக்குத் தீவனம் வைக்கப் போயிருக்கிறாள் என்றார் அண்ணன். அந்த நேரத்தில் யாரும் தீவனம் வைப்பதில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கதிர் பலகையைப் பிடித்துக்கொண்டு பண்ணைப் பக்கம் பார்த்து "அம்மா, அம்மா" என்று கத்தினான். எவ்வளவு திருத்தமாகச் சொல்கிறான். அந்த வார்த்தையை முழுசாக நான் முதல் தடவை கேட்டது அப்போதுதான். காரில் பல்லடம் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே வந்தான். நான் "இதோ இருக்கேன் கண்ணு" என்று சொல்லிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் புரியாமல் பேசுகிறேன் என்கிற மாதிரி பார்த்துவிட்டு மறுபடி ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டான்.

முதல் வாரம் சாப்பிடவில்லை. தெருவில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் கதவுக்கு ஓடினான். இப்போது அழுவதில்லை. சாப்பிடுகிறான், தூங்குகிறான். கீழ்வீட்டு அம்மா, "பாத்தீங்களா, பழகிட்டானுங்க. புள்ளைங்களுக்கு மறதி வரம்" என்கிறார்.

பழகவில்லை நங்கையா. அவன் இப்போது யாரையும் அம்மா என்று கூப்பிடுவதில்லை. உங்களைக் கேட்பதில்லை. என்னைக் கோயமுத்தூரம்மா என்றும் சொல்வதில்லை. தண்ணீர் வேண்டுமானால் டம்ளரைக் கொண்டுவந்து என் காலில் இடிக்கிறான். பசித்தால் தட்டைக் கவிழ்த்து வைக்கிறான். ராத்திரி பயந்து எழுந்தால் வாயைத் திறக்கிறான், சத்தம் வருவதில்லை. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாத பிள்ளை அப்படித்தான் எழும் போலிருக்கிறது. க்கோ, த்தா, லூலூ எல்லாம் போய்விட்டன. டாக்டரிடம் காட்டினேன். காது நன்றாக இருக்கிறது, பேசுவான், பொறுங்கள் என்றார்.

நான் பொறுப்பேன். அவன் ஏன் பொறுக்க வேண்டும்.

நீங்கள் கிளம்பி இங்கே வாருங்கள். கொஞ்ச நாள் இருங்கள்.

வர்ஷினி


பல்லடம்
27 மே 2025

அம்மணி வர்ஷினிக்கு, நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். உன் கடுதாசியை உங்கள் அண்ணன்தான் படித்துச் சொன்னார், எனக்குக் கண்ணாடி போட்டும் எழுத்து நிற்கவில்லை. பாதியில் அவரும் நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். மீதியை நானே படித்தேன்.

வரச் சொல்லியிருக்கிறாய். பையில் துணி எடுத்து வைத்துவிட்டேன். ராமுலு சனிக்கிழமை அந்தப் பக்கம் லோடு கொண்டுவருகிறார், அவரோடே வந்துவிடலாம். ஆனால் வைத்த பையை மறுபடி பிரித்தேன்.

நான் வந்து நின்றால் அவன் என்னைத்தான் கூப்பிடுவான். உன் வீட்டில், உன் கண் முன்னால். உனக்கு இப்போது இருக்கிற வலி வேறு, அது வேறு. அன்றைக்கு நான் பண்ணைக்குள் போய் நின்றுகொண்டேனே, அது என் வலிக்காக மட்டும் என்று நினைக்காதே. அவன் கூப்பிடுவதை உன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு கேட்க எனக்குத் திராணி இல்லை. அவன் பேசாமல் கிடப்பதைப் பார்த்த வேகத்தில் நீ எழுதிவிட்டாயோ என்று பயமாக இருக்கிறது. நன்றாக யோசித்துவிட்டு எழுது. வேண்டாம் என்று எழுதினால் ஒரு குறையும் நினைக்க மாட்டேன்.

சாந்தாமணி


மதுக்கரை
28 மே 2025

அன்புள்ள நங்கையாவுக்கு,

யோசித்துத்தான் எழுதினேன். சனிக்கிழமை வாருங்கள்.

அவனிடம் நீங்கள் வருவதைச் சொல்லவில்லை. ராமுலு அண்ணன் தெருமுனையில் இறக்கிவிட்டதும் நேராக மாடிக்கு வந்துவிடுங்கள், கதவு சாத்தியிருக்காது. நான் அடுப்படியில் இருப்பேன். அவன் கூப்பிட்டு முடிக்கும் வரை வெளியே வரமாட்டேன். நீங்கள் அவன் வாயைப் பொத்தாதீர்கள், என்னைக் காட்டித் திருத்தாதீர்கள். எத்தனை தடவை கூப்பிடுகிறானோ அத்தனை தடவை கூப்பிடட்டும். நான் உள்ளே நின்று கேட்டுக்கொள்கிறேன்.

வர்ஷினி